30% ஷேர் எப்படி 8.57% ஆகுது? புது ஷேர் வெளியீடு, டைரக்டர் கடமை, ஒரு நீலகிரி வழக்கு

போன வாரம் நம்ம சேனல்ல பிரைவேட் லிமிடெட் கம்பெனி பத்தி போட்ட வீடியோவுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "சார், என்கிட்ட 30% ஷேர் இருக்கு. என்னைக் கேட்காம கம்பெனியில புது ஷேர் போட்டு என் பங்கைக் குறைக்க முடியுமா?"

ஒரு வரியில பதில் சொன்னா: சட்டப்படி செஞ்சா முடியும், ஆனா உங்களை ஓரங்கட்டணும்கிறதுக்காகவே செஞ்சா முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு எங்க இருக்குங்கிறதுதான் இன்னிக்குப் பாடம். வீடியோவுல கணக்கை விவரமா காட்ட முடியல. அதனால இங்க எழுத்துல போடறேன். ஒரு பேனா, பேப்பர் எடுத்துக்கோங்க.

முதல்ல கணக்கு

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில ஒரு பிரஸ் ஷாப்னு வெச்சுக்கோங்க. இது முழுக்க கற்பனை உதாரணம். அண்ணன், தம்பி, தங்கச்சி வீட்டுக்காரர்னு மூணு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச பிரைவேட் லிமிடெட். 100 ரூபாய் முகமதிப்புல மொத்தம் 10,000 ஷேர்.

- அண்ணன்: 4,000 ஷேர், 40%
- தம்பி: 3,000 ஷேர், 30%
- மச்சான்: 3,000 ஷேர், 30%

டைரக்டர்கள் அண்ணனும் தம்பியும் மட்டும். மச்சான் பணம் போட்டதோட சரி, அவருக்கு வேற வேலை இருக்கு. 20 வருஷம் ஓடிப்போச்சு. இடம், மெஷின், வர வேண்டிய பாக்கி எல்லாம் கூட்டி, கடனைக் கழிச்சா கம்பெனியோட இன்னிய மதிப்பு 2 கோடி. அதாவது ஒரு ஷேர் 2,000 ரூபாய். மச்சானோட 3,000 ஷேர் மதிப்பு 60 லட்சம்.

இப்போ அண்ணனும் தம்பியும் ஒரு போர்டு மீட்டிங் போட்டு, 25,000 புது ஷேரை முகமதிப்பான 100 ரூபாய்க்கே தங்களுக்குள்ள ஒதுக்கிக்கறாங்க. கம்பெனிக்கு 25 லட்சம் வருது. மதிப்பு 2.25 கோடி, மொத்த ஷேர் 35,000. ஒரு ஷேர் சுமார் 643 ரூபாய்.

மச்சான்கிட்ட அதே 3,000 ஷேர்தான் இருக்கு. யாரும் பிடுங்கல, கைமாத்தல. ஆனா மதிப்பு 60 லட்சத்தில இருந்து சுமார் 19.29 லட்சம். சதவீதம் 30-ல இருந்து 8.57. உட்கார்ந்த இடத்துலயே 40.71 லட்சம் காலி.

பணத்தோட சேர்ந்து உரிமையும் போகுது, அதையும் பாருங்க:

- ஸ்பெஷல் ரெசல்யூஷன் நிறைவேற, பதிவாகிற ஓட்டுல எதிர்ப்பை விட ஆதரவு குறைஞ்சது மூணு மடங்கு வேணும். சுருக்கமா 75%. 30% வெச்சிருந்த மச்சான் தனியா நின்னு அதைத் தடுக்க முடிஞ்சது. 8.57% வெச்சு முடியாது.
- 10% ஓட்டுரிமை மூலதனம் கையில இருந்தா அவசரப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லி போர்டுக்குக் கடிதம் கொடுக்கலாம். அதுவும் போச்சு.

கோர்ட்டுகள் புது ஷேர் வெளியீட்டை இவ்வளவு கூர்ந்து பார்க்கிறதுக்குக் காரணம் இதுதான். கம்பெனிக்கு மூலதனம் திரட்டுற அதே கருவியைத் திருப்பிப் பிடிச்சா, ஒருத்தரோட சொத்தைச் சத்தமில்லாம எடுத்துக்கலாம்.

சட்டம் காட்டுற மூணு வழி

2013 கம்பெனிகள் சட்டத்தோட 62-வது பிரிவுதான் இதுக்கு அடிப்படை.

முதல் வழி ரைட்ஸ் இஷ்யூ. இருக்கிற ஷேர்ஹோல்டர் எல்லாருக்கும், அவங்க வெச்சிருக்கிற விகிதத்துலயே புது ஷேரை ஆஃபர் பண்ணணும். எத்தனை ஷேர், எந்தத் தேதிக்குள்ள பதில் சொல்லணும்னு எழுத்துல போகணும். ஆரம்பத்துல குறைஞ்சது 15 நாள், அதிகபட்சம் 30 நாள்னு இருந்தது. 2021 ஏப்ரல்ல இருந்து குறைஞ்சபட்ச அவகாசம் 7 நாளாச்சு. ஆஃபர் திறக்கிறதுக்குக் குறைஞ்சது 3 நாள் முன்னாடி பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், இமெயில் மாதிரி அனுப்பினதுக்கு ஆதாரம் இருக்கிற வழியில நோட்டீஸ் போகணும். பிரைவேட் கம்பெனியில 90% மெம்பர்கள் சம்மதிச்சா இந்த நாள் கணக்கை இன்னும் சுருக்கிக்கலாம்.

இதுல பலரும் கவனிக்காத ஒரு உரிமை இருக்கு. ஆர்ட்டிகிள்ஸ்ல வேற மாதிரி சொல்லலைனா, தனக்கு வந்த ஆஃபரை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுக்கலாம். 'ரினன்சியேஷன்'னு சொல்வாங்க. இதோட விலை என்னன்னு மேல போட்ட உதாரணத்துலயே பார்க்கலாம். ரைட்ஸ் இஷ்யூவா செஞ்சிருந்தா மச்சானுக்கு 7,500 ஷேர் வந்திருக்கும். ஒவ்வொண்ணும் 100 ரூபாய்க்கு வாங்கி சுமார் 643 ரூபாய் மதிப்பு. வித்தியாசம் ஒரு ஷேருக்கு 542.86 ரூபாய். 7,500 ஷேருக்கு 40.71 லட்சம். மேல அவர் இழந்த தொகை எவ்வளவோ, அட்சரம் பிசகாம அதே தொகை. ஆக, ஆஃபர் லெட்டர் ஒண்ணு வராம போனதோட விலை 40.71 லட்சம்.

ஆஃபர் வந்தும் மச்சான் வேண்டாம்னு சொன்னா, இல்ல நாள் முடியிற வரைக்கும் பதிலே சொல்லலைனா, மிச்ச ஷேரை போர்டு வேற யாருக்காவது கொடுக்கலாம். ஆனா கம்பெனிக்கும் மத்த ஷேர்ஹோல்டருக்கும் பாதகம் இல்லாத விதத்துல கொடுக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு.

ரெண்டாவது, தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற ஈசாப். அதை இன்னிக்கு விட்டுடலாம்.

மூணாவது வழி, விகிதம் பார்க்காம குறிப்பிட்ட ஆளுக்கு ஒதுக்குறது. அவர் வெளியாளாவும் இருக்கலாம், இருக்கிற ஷேர்ஹோல்டராவும் இருக்கலாம். இதுக்கு பொதுக்கூட்டத்துல ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேணும், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் போட்ட விலை வேணும், 42-வது பிரிவோட பிரைவேட் பிளேஸ்மென்ட் விதிகளும் சேர்ந்து வரும்: தனி பேங்க் அக்கவுண்ட், பணம் வந்து 60 நாளுக்குள்ள ஒதுக்கீடு, ஒதுக்கின 15 நாளுக்குள்ள பி.ஏ.எஸ்.-3 ஃபார்ம்.

உதாரணத்துல அண்ணனும் தம்பியும் செஞ்சது இதுல எதுலயும் அடங்காது. எல்லாருக்கும் ஆஃபர் போகல, அதனால ரைட்ஸ் இல்ல. ஸ்பெஷல் ரெசல்யூஷனும் இல்ல, மதிப்பீடும் இல்ல, அதனால மூணாவது வழியும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தாலும் 70% தான். மூணு பேரும் ஓட்டுப் போட்டா அவங்களால ஸ்பெஷல் ரெசல்யூஷனை நிறைவேத்தவே முடியாது.

ஃபார்ம் சரியா இருந்தா போதுமா?

போதாது. இங்கதான் டைரக்டர் கடமை வருது. 166-வது பிரிவை ஒவ்வொரு டைரக்டரும் ஒரு தடவையாவது படிக்கணும். பெரிய பாரா ஒண்ணும் இல்ல. சாராம்சம் இது:

1. ஆர்ட்டிகிள்ஸ்படி நடக்கணும்.
2. நல்லெண்ணத்தோட, ஒட்டுமொத்த மெம்பர்களோட நன்மைக்காகவும் கம்பெனியோட நலனுக்காகவும் செயல்படணும்.
3. கவனத்தோட, திறமையோட, சுயமா யோசிச்சு முடிவெடுக்கணும்.
4. தன் சொந்த நலனும் கம்பெனி நலனும் மோதுற இடத்துல போய் நிக்கக் கூடாது.
5. தனக்கோ, சொந்தக்காரங்களுக்கோ, கூட்டாளிக்கோ தகாத லாபம் தேடக் கூடாது. தேடினா அந்த லாபத்தைக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டணும்.
6. பதவியை இன்னொருத்தருக்கு மாத்தி எழுதிக் கொடுக்கக் கூடாது.

மீறினா 1 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம்.

ரெண்டாவது பாயிண்ட்ல 'ஒட்டுமொத்த மெம்பர்கள்'ங்கிற வார்த்தையை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. 70% வெச்சிருக்கிற குரூப்போட நன்மைன்னு அங்க இல்ல. அண்ணன் டைரக்டர் சீட்ல உட்காரும்போது மச்சானோட 30 சதவீதத்துக்கும் அவர்தான் காவல்.

கேத்தி ஊசி ஃபேக்டரி வழக்கு

இந்த விஷயத்துல இந்தியா முழுக்க எடுத்துக்காட்டுற தீர்ப்பு நம்ம தமிழ்நாட்டு கம்பெனியைப் பத்தினது. ஊட்டி பக்கத்துல கேத்தியில ஃபேக்டரி வெச்சிருந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) லிமிடெட். 1949-ல இங்கிலாந்து தாய்க் கம்பெனியோட முழு உடைமையா ஆரம்பிச்சது. அப்புறம் ஷேர் ரெண்டு பக்கமா பிரிஞ்சது. பர்மிங்காம்ல இருந்த ஹோல்டிங் கம்பெனிகிட்ட சுமார் 60%, இந்திய நிர்வாகமும் ஊழியர்களும் அவங்க குடும்பங்களும் சேர்ந்து சுமார் 40%.

மொத்தம் 32,000 ஷேர், ஒண்ணு 100 ரூபாய். அதுல ஹோல்டிங் கம்பெனிகிட்ட 18,990. அதாவது 59.34%.

அப்போதான் 1973-ம் வருஷத்து ஃபெரா சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பங்கு 40 சதவீதத்துக்குக் குறையணும்னு ரிசர்வ் வங்கி நிபந்தனை போட்டது. கெடு 1977 மே 17. இங்கிலாந்து தரப்பும் இந்தியத் தரப்பும் எப்படிக் குறைக்கிறதுன்னு பேசினாங்க, ஒத்துவரல. 1977 ஏப்ரல் 6-ம் தேதி போர்டு ஒரு முடிவு எடுத்தது: ரெண்டு ஷேருக்கு ஒரு ஷேர்னு 16,000 புது ஷேர் ரைட்ஸ் இஷ்யூ. அதுல ஹோல்டிங் கம்பெனிக்கு வர வேண்டியது 9,495.

இதுவரைக்கும் பேப்பர்ல எல்லாம் சுத்தம். இனிமே தேதிகளைப் பாருங்க.

- ஆஃபர் லெட்டர்ல போட்ட தேதி ஏப்ரல் 14. பதில் சொல்ல 16 நாள்.
- இங்கிலாந்துக்குப் போன கவர்ல தபால் முத்திரை ஏப்ரல் 27.
- கவர் அங்க கைக்குக் கிடைச்சது மே 2.
- மே 2-ம் தேதியே இங்க போர்டு கூடி, 16,000 ஷேரையும் இந்தியத் தரப்புக்கே ஒதுக்கியாச்சு. அந்த மீட்டிங்குக்கான நோட்டீஸும் அங்க இருந்த டைரக்டருக்கு அன்னிக்குத்தான் கிடைச்சது.

விளைவு: 48,000-ல 18,990, அதாவது 39.56%. ரிசர்வ் வங்கி சொன்ன கோட்டுக்குக் கீழ. மெஜாரிட்டியா இருந்தவங்க ஒரே நாள்ல மைனாரிட்டி.

ஹோல்டிங் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்க தனி நீதிபதி ஒரு விதமா பார்த்தார், டிவிஷன் பெஞ்ச் வேற விதமா பார்த்தது. கடைசியா உச்ச நீதிமன்றத்துல 1981 மே மாசம் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்புல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது நாலு விஷயம்.

ஒண்ணு, கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டாத்தான் புது ஷேர் போடணும்னு கட்டாயம் இல்ல. கம்பெனியோட நலனுக்கு வேற காரணம் இருந்தாலும் போடலாம். இங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தொழிலைத் தொடரணும்கிறதே அந்தக் காரணம்.

ரெண்டு, கம்பெனி நலனுக்காக எடுத்த முடிவுல டைரக்டருக்கும் கொஞ்சம் நன்மை ஒட்டிக்கிட்டு வந்தா, அதுக்காக மட்டும் முடிவு கெட்டுப்போகாது. ஆனா தன் கட்டுப்பாட்டை நிலைநிறுத்திக்கிறதே முக்கிய நோக்கமா இருந்தா, அது அதிகாரத்தைத் தப்பா பயன்படுத்துறது.

மூணு, சட்டத்துக்கு முரணா ஒரு காரியம் நடந்தா மட்டும் அது தானாவே 'ஒடுக்குமுறை' ஆகிடாது. அதே மாதிரி, தனித்தனியா பார்த்தா சட்டப்படி சரியா இருக்கிற காரியங்கள் சேர்ந்து ஒடுக்குமுறையா முடியவும் வாய்ப்பு இருக்கு. நேர்மையான நடத்தைதான் அளவுகோல்.

நாலு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒடுக்குமுறை நிரூபணம் ஆகலைன்னு சொல்லியும் கோர்ட் கையைக் கழுவல. ஷேரோட மார்க்கெட் மதிப்பு 190 ரூபாய், வாங்கின விலை 100. வித்தியாசம் 90. ஹோல்டிங் கம்பெனிக்கு வர வேண்டிய 9,495 ஷேரை எடுத்துக்கிட்டவங்க, ஷேருக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயைத் திருப்பிக் கட்டணும்னு உத்தரவு. நியாயமில்லாம சேர்ந்த லாபத்தை வெச்சுக்கக் கூடாதுன்னு கணக்கு.

நம்ம பிரஸ் ஷாப் கணக்குல 542.86-ஐ 7,500-ஆல பெருக்கினோமே, கோர்ட் பண்ணின பெருக்கலும் அதே வகைதான்.

கூடவே ஒரு எச்சரிக்கை. அந்தக் கம்பெனியோட ஆர்ட்டிகிள்ஸ் பிரைவேட் கம்பெனிக்கு உரியது. அதனால வெளியாளுக்கு விட்டுக்கொடுக்கிற உரிமை அதோட ஒத்துப்போகாதுன்னும் கோர்ட் சொன்னது. உங்க ஆர்ட்டிகிள்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம 'எனக்கு ரினன்சியேஷன் உரிமை இருக்கு'ன்னு சண்டைக்குக் கிளம்பாதீங்க.

கோடு எங்க விழுது? இன்னும் மூணு வழக்கு

1950-ல பாம்பே லைஃப் அஷ்யூரன்ஸ் கம்பெனி வழக்கு. கம்பெனிக்கு மூலதனம் உண்மையிலேயே தேவைப்பட்டது. வெளியில இருந்து ஒரு குரூப் ஷேர் வாங்கிச் சேர்த்துக் கட்டுப்பாட்டுக்கு வர்றதைத் தடுக்கணும்கிற எண்ணமும் டைரக்டர்களுக்கு இருந்தது. உச்ச நீதிமன்றம் வெளியீட்டை ஏத்துக்கிட்டது. தேவை நிஜம், ஆஃபரும் இருக்கிற ஷேர்ஹோல்டர்களுக்குத்தான் போனது.

1974-ல ஹோவர்ட் ஸ்மித் எதிர் ஆம்போல், ஆஸ்திரேலிய வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு. ரெண்டு ஷேர்ஹோல்டர்கள் சேர்ந்து 55% வெச்சிருந்தாங்க. டைரக்டர்கள் மூணாவது கம்பெனிக்குப் புது ஷேர் கொடுத்து அந்த 55 சதவீதத்தைப் பாதிக்குக் கீழ தள்ளிட்டாங்க. கம்பெனிக்குப் பணம் தேவைதான், டைரக்டர்கள் தங்கள் பாக்கெட்டுக்கும் எதையும் எடுத்துக்கல. இருந்தும் ஒதுக்கீடு செல்லாதுன்னு தீர்ப்பு. மெஜாரிட்டியை உடைக்கிறதுதான் முதன்மை நோக்கம்னு கோர்ட் கண்டுபிடிச்சது.

2004-ல டேல் அண்ட் காரிங்டன் வழக்கு, உச்ச நீதிமன்றம். சின்ன பிரைவேட் கம்பெனி. வெளிநாட்டுல இருந்த ஷேர்ஹோல்டர்கிட்ட மெஜாரிட்டி. நிர்வாக இயக்குநர் தனக்கே புது ஷேரை ஒதுக்கிக்கிட்டார், மெஜாரிட்டி மைனாரிட்டி ஆச்சு. உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து பண்ணினது. பிரைவேட் கம்பெனியா இருந்தாலும் டைரக்டருக்கு நம்பிக்கைப் பொறுப்பு உண்டு, நமக்குள்ளதானேன்னு தட்டிக்கழிக்க முடியாதுங்கிறது அதோட சாரம்.

நாலு வழக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, நீதிபதி மனசுல ஓடுற கேள்விகள் இதுதான்:

- புது ஷேருக்கு அன்னிக்கு என்ன தேவை இருந்தது? அது எழுத்துல இருக்கா, இல்ல வழக்கு வந்தப்புறம் யோசிச்சதா?
- எல்லாருக்கும் ஆஃபர் போனதா? உண்மையில கையில கிடைச்சதா?
- விலை எப்படி வந்தது?
- எந்த நேரத்துல நடந்தது? சண்டை ஆரம்பிச்ச மறு வாரமேவா?
- முடிவுல யாரோட ஓட்டுப் பலம் கூடினது?

நீங்க டைரக்டர் பக்கம் இருந்தா

பட்டரவாக்கத்துலயும் திருமழிசையிலயும் இருக்கிற பல கம்பெனிகளுக்கு மூலதனத்தைக் கூட்ட வேண்டிய தேவை நிஜமாவே வருது. புது சி.என்.சி. மெஷின் வாங்கணும், ஓ.டி. லிமிட்டை உயர்த்த பேங்க் 'கேபிட்டல் கூட்டுங்க'ன்னு சொல்லுது, பெரிய கம்பெனி வெண்டரா எடுக்க நெட்வொர்த் கேக்குது. இதெல்லாம் நேர்மையான காரணம். அதை நேர்மையாவே செய்யுங்க.

1. தேவையை மினிட்ஸ்ல எழுதுங்க. பேங்க் கடிதம், மெஷின் கொட்டேஷன் இருந்தா நம்பரோட குறிப்பிடுங்க. 'வணிகத் தேவைக்காக'ன்னு ஒத்தை வரி போதாது.
2. போர்டு மீட்டிங்குக்கு ஒவ்வொரு டைரக்டருக்கும் குறைஞ்சது 7 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ். வெளிநாட்டுல இருக்கிறவருக்கும் உண்டு.
3. ஆதரைஸ்டு கேபிட்டல் போதுமான்னு பாருங்க. போதாதுன்னா முதல்ல பொதுக்கூட்டத்துல உயர்த்தி, 30 நாளுக்குள்ள எஸ்.எச்.-7 போடுங்க.
4. ஆஃபர் லெட்டரை எல்லாருக்கும் ஒரே நாள்ல அனுப்புங்க. ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் டெலிவரி ரிப்போர்ட்டையும் ஃபைல்ல வையுங்க. கேத்தி கவர்ல இருந்த முத்திரையை மறக்காதீங்க.
5. முகமதிப்புல போடறது சட்டவிரோதம் இல்ல. ஆனா ஒருத்தரால பணம் போட முடியாதுன்னு தெரிஞ்சே மதிப்புல இருபதுல ஒரு பங்கு விலைக்குப் போட்டா கேள்வி வரும். சரியான மதிப்புக்குப் பக்கத்துல விலை வெச்சா, வாங்காதவருக்கும் மதிப்பு நஷ்டம் இல்ல. மதிப்பை விட ரொம்பக் கம்மியா, விகிதத்துக்கு மேல ஷேர் வாங்கினவருக்கு, வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினா வருமான வரிக் கேள்வியும் வரலாம்.
6. ரைட்ஸ் ஒதுக்கீடு முடிஞ்சு 30 நாளுக்குள்ள பி.ஏ.எஸ்.-3. ஷேர் சர்டிஃபிகேட் ரெண்டு மாசத்துக்குள்ள.

அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயம்: டைரக்டர் கம்பெனிக்குக் கொடுத்த கைக்கடனை அப்படியே ஷேரா மாத்தறது. 'என் பணம்தானே'ன்னு தோணும். ஆனா கடன் கொடுக்கும்போதே, ஷேரா மாத்திக்கலாம்னு நிபந்தனை போட்டு, அதுக்கு ஸ்பெஷல் ரெசல்யூஷனும் எடுத்திருக்கணும். இல்லைனா மேல சொன்ன வழியிலதான் வரணும். பேலன்ஸ் ஷீட்ல 'அன்செக்யூர்டு லோன்' ஒரு வருஷத்துல மறைஞ்சு, ஷேர் கேபிட்டல் அதே அளவு கூடியிருந்தா, சண்டை வரும்போது எதிர்த்தரப்பு ஆடிட்டர் முதல்ல விரல் வைக்கிற இடம் அதுதான்.

நீங்க மச்சான் பக்கம் இருந்தா

முதல் வேலை, எம்.சி.ஏ. தளத்துல கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்க. சின்ன கட்டணம் கட்டினா பி.ஏ.எஸ்.-3, ஆண்டு ரிட்டர்ன் எல்லாம் பார்க்கலாம். உங்க பங்கு எத்தனைன்னு வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. மெடிக்கல் செக்கப் மாதிரி வெச்சுக்கோங்க. உங்க விலாசமும் இமெயிலும் மெம்பர் ரெஜிஸ்டர்ல சரியா இருக்கான்னும் பாருங்க. வில்லிவாக்கத்துல இருந்து பூந்தமல்லிக்கு வீடு மாறி பத்து வருஷம் ஆகியும் கம்பெனி ரெக்கார்டுல பழைய விலாசமே இருந்தா, ஆஃபர் லெட்டர் பழைய வீட்டுக் கேட்டுலதான் தொங்கும்.

ரெண்டாவது, ஆஃபர் லெட்டர் வந்தா சும்மா இருக்காதீங்க. முடியும்னா வாங்குங்க. முடியலைனா, ஆர்ட்டிகிள்ஸ் இடம் கொடுத்தா விட்டுக்கொடுங்க. அதுவும் முடியலைனா ஆட்சேபத்தைக் காரணத்தோட எழுத்துல அனுப்புங்க. பதில் சொல்லாம இருந்தா, வேண்டாம்னு விட்டதாத்தான் எடுத்துக்குவாங்க.

மூணாவது, தெரியாமலே ஒதுக்கீடு நடந்துட்டா என்.சி.எல்.டி. சென்னை பெஞ்ச். ஆவடியில பீச் லோக்கல் ஏறினா ராஜாஜி சாலை கார்ப்பரேட் பவனுக்குப் போயிடலாம். 241, 242 பிரிவுல மனு போடலாம். ஒதுக்கீட்டை ரத்து பண்ணலாம், ஒரு தரப்பு ஷேரை இன்னொரு தரப்பு வாங்கிக்கணும்னு சொல்லலாம், இடைக்காலத் தடையும் கொடுக்கலாம். ட்ரிப்யூனலுக்கு அந்த அதிகாரம் இருக்கு.

'என் பங்குதான் 10 சதவீதத்துக்குக் கீழ போச்சே, மனு போட முடியுமா?' இதுதான் நிறைய பேரோட பயம். 244-வது பிரிவை முழுசா படிங்க. ஷேர் மூலதனம் உள்ள கம்பெனியில 10% ஷேர் இருக்கணும், இல்லைனா மெம்பர்களோட எண்ணிக்கையில பத்துல ஒரு பங்கு இருக்கணும். மூணே பேர் இருக்கிற கம்பெனியில நீங்க ஒருத்தரே மூணுல ஒரு பங்கு. 8.57% இருந்தாலும் மனு போடலாம். பத்து மெம்பர் வரைக்கும் உள்ள கம்பெனியில இந்தக் கணக்கு ஒத்தை ஆளுக்கே சரியா வரும். அதுக்கு மேல இருந்தாலும், இந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ட்ரிப்யூனலைக் கேட்கலாம்.

தாமதம் மட்டும் பண்ணாதீங்க. ஒதுக்கீடு தெரிஞ்சும் நாலு வருஷம் டிவிடெண்ட் வாங்கிக்கிட்டு, அப்புறம் போய் நின்னா 'இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க'ன்னுதான் கேட்பாங்க. ட்ரிப்யூனல் உத்தரவு பிடிக்கலைனா 45 நாளுக்குள்ள அப்பீல். அந்த நாளும் ஓடிக்கிட்டே இருக்கும்.

சண்டைக்கு முன்னாடியே

வழக்கு நடத்துறதை விட ஆர்ட்டிகிள்ஸ்ல நாலு வரி சேர்க்கிறது ரொம்ப மலிவு. புது ஷேர் எதுவானாலும் மதிப்பீட்டாளர் விலைக்குத்தான், ஆஃபருக்கு இத்தனை நாள் கட்டாயம், 20 சதவீதத்துக்கு மேல வெச்சிருக்கிறவரோட எழுத்துச் சம்மதம் வேணும், வெளியேற நினைக்கிறவருக்கு எந்தக் கணக்குல விலைன்னு எழுதி வெச்சிடுங்க. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற காலத்துலதான் இதை எழுத முடியும். பேச்சுவார்த்தை நின்னப்புறம் யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

இன்னிக்கு வீட்டுப்பாடம் ரெண்டு. டைரக்டரா இருந்தா கடைசியா போட்ட ஷேர் ஒதுக்கீட்டோட மினிட்ஸை எடுத்து, மேல சொன்ன அஞ்சு கேள்விக்கும் அதுல பதில் இருக்கான்னு பாருங்க. ஷேர்ஹோல்டரா இருந்தா கடைசி ஆண்டு ரிட்டர்னை எடுத்து உங்க சதவீதத்தைக் கணக்கு போடுங்க. ஞாபகத்துல இருக்கிற நம்பரும் அதுல வர்ற நம்பரும் ஒண்ணா இல்லைனா, இந்த வாரமே உங்க ஆடிட்டரையோ கம்பெனி செக்ரட்டரியையோ போய்ப் பாருங்க.

அடுத்த வீடியோவுல, வெளியேற நினைக்கிற ஷேர்ஹோல்டருக்கு விலை எப்படிப் போடறதுன்னு பார்ப்போம்.